கியர்பாக்ஸ் தகராறு: அறிகுறியைப் பார்த்து கோளாறைப் பிடிக்கும் வழி

"கியர்பாக்ஸ் போச்சு, இறக்கித்தான் பார்க்கணும்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னதும் தலையாட்டிவிட வேண்டாம். கியர்பாக்ஸை இறக்குவது கடைசி வேலை. அதன் மேல் விழும் பழியில் பெரும்பங்கு வெளியே இருக்கும் சின்னச் சாமான்களுடையது: தளர்ந்த பேட்டரி, பிரேக் சுவிட்ச், கிழிந்த எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்), வருஷக் கணக்கில் மாற்றாத ஆயில். இவற்றை ஒவ்வொன்றாகக் கழித்த பிறகே பெட்டிக்குள் கை வைக்க வேண்டும்.

முதலில், உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

ஒரே அறிகுறிக்கு ஒவ்வொரு வகையிலும் காரணம் வேறு. அதனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போவதில் பயனில்லை.

கிளட்ச் பெடல் இருந்தால் மேனுவல். பெடல் இல்லாதவை பெரும்பாலும் "ஆட்டோமேட்டிக்" என்ற பெயரில் விற்கப்பட்டாலும் உள்ளே நான்கு வேறு இயந்திரங்கள் உண்டு. ஏஎம்டி என்பது அதே மேனுவல் பெட்டிதான். உங்கள் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையை ஒரு ஆக்சுவேட்டர் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி இயங்கும் கருவி) செய்கிறது. இந்தியாவில் 2014-ல் மாருதி செலேரியோவில் வந்தது இந்த வகை. ஏஜிஎஸ், ஈஸி-ஆர் என்று கம்பெனிக்கு ஒரு பெயர். டார்க் கன்வெர்ட்டர் வகையில் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே உராயும் தட்டுக்குப் பதிலாக ஆயில்தான் விசையைக் கடத்துகிறது. உள்ளே பிளானட்டரி கியர்களும் (நடுக் கியரைச் சுற்றிச் சிறு கியர்கள் சுழலும் தொகுதி) பல தட்டுக் கிளட்ச்களும் வால்வ் பாடியும் (ஆயிலை வேண்டிய கிளட்சுக்குத் திருப்பும் பகுதி) இருக்கும். சிவிடியில் கியர் படிகளே கிடையாது. இரண்டு கூம்புப் புல்லிகளுக்கு நடுவே ஒரு இரும்பு பெல்ட் ஓடுகிறது. டிசிடி, டிஎஸ்ஜி, டிசிஏ எல்லாம் இரட்டைக் கிளட்ச் வகை: ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று.

ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களின் விளம்பரத்தில் வரும் "இ-சிவிடி"யைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். டொயோட்டா ஹைகிராஸ், ஹைரைடர் ஹைபிரிட் போன்றவற்றில் பெல்ட்டும் இல்லை, கூம்புப் புல்லியும் இல்லை. ஒரு பிளானட்டரி கியர் செட்டும் இரண்டு மின்மோட்டார்களும் மட்டுமே. சிவிடி பற்றிக் கீழே வரும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த மூன்று

வோல்ட் மீட்டரை எடுத்து பேட்டரியைப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற காரில் 12.4-க்குக் கீழே இருந்தால் சந்தேகம்; எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஏஎம்டியிலும் டிசிடியிலும் வோல்டேஜ் சற்று இறங்கினாலே கம்ப்யூட்டர் கண்டபடி கோட் (கோளாறு எண்) போடும்.

அடுத்து, கார் நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவா, டிரைவ் ஷாஃப்ட் நுழையும் சீலில் கசிவா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஸ்கேனர். சில நூறு ரூபாய் ப்ளூடூத் ஸ்கேனர் எஞ்சின் கோடை மட்டும் காட்டும். அதில் பி0700 வந்தால் அது கோளாறின் பெயர் அல்ல. "டிரான்ஸ்மிஷன் கம்ப்யூட்டரில் வேறொரு கோட் இருக்கிறது, போய்ப் பார்" என்ற தகவல் மட்டுமே. அந்த இன்னொரு கோடைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போக வேண்டும். பி0700-ஐ மட்டும் காட்டி பெட்டியை மாற்றச் சொன்னால் அங்கிருந்து வண்டியை எடுத்துவிடலாம்.

மேனுவல்: கியர் விழ மறுக்கிறது, கரகரக்கிறது

எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் பெட்டி நல்லது. கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. உறுதிப்படுத்த இன்னொரு சோதனை: எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓட, கிளட்சை முழுதாக மிதித்து நான்கைந்து வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோனைசர் (கியர் விழும் முன் வேகத்தைச் சமன் செய்யும் பகுதி) கிடையாது. அதனால் கிளட்ச் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் கரகரத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேபிள் கிளட்ச் என்றால் அட்ஜஸ்ட்மெண்டைப் பாருங்கள். ஹைட்ராலிக் என்றால் அநேகமாகக் காற்று புகுந்திருக்கும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பா. அதில் கிளட்ச் குழாய் பிரேக் குழாயைவிட மேலே இருக்கும். பிரேக் பேட் தேயத் தேய மட்டம் இறங்கும்போது முதலில் காற்றை உறிஞ்சுவது கிளட்ச்தான். பிரேக் நன்றாகப் பிடிப்பதால் யாரும் டப்பாவைத் திறந்து பார்ப்பதில்லை. அதே சமயம் பேட் தேயாமல் மட்டம் மட்டும் இறங்கினால் எங்கோ கசிகிறது. கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட்டைத் தூக்கி மாஸ்டர் சிலிண்டர் (கிளட்ச் பெடல் தள்ளும் பம்ப்) அடியில் ஈரம் இருக்கிறதா என்றும், பெட்டிப் பக்கம் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் பூட்டை விரலால் நெம்பி உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

காற்றை எடுக்க இருவர் வேண்டும். டப்பா மூடியில் எழுதியிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலை மேல் கோடு வரை நிரப்புங்கள். ஸ்லேவ் சிலிண்டர் நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கவிடுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே பெடலை விட வேண்டும். குமிழி நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நடுவில் டப்பா காலியானால் மறுபடி முதலிலிருந்து. இந்த ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அணைத்திருக்கும்போதும் கியர் கடினமாக இருந்தால் கியர் லீவர் கேபிள் முனையின் பிளாஸ்டிக் புஷ்ஷைப் பாருங்கள். அது உடைந்தால் லீவர் சோற்றுக்குள் விட்ட கரண்டி மாதிரி எல்லாப் பக்கமும் ஆடும். விலை குறைந்த சாமான், வேலையும் சிறியது. இதற்கும் பெட்டியை இறக்கச் சொல்பவர்கள் உண்டு.

எல்லா கியரும் சரி, ஒன்றில் மட்டும், அதிலும் இரண்டாவதில், இறக்கும்போது கரகரப்பு என்றால் அந்தக் கியரின் சின்க்ரோனைசர் ரிங் தேய்ந்திருக்கிறது. இதற்குப் பெட்டியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பிரிக்கும் முன் ஒருமுறை ஆயிலை மாற்றிப் பாருங்கள். ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் பெட்டியில் "இது இன்னும் உசத்தி" என்று ஜிஎல்-5 ஊற்றப்பட்டிருந்தால் கரகரப்புக்கு அதுவே காரணமாகலாம். சின்க்ரோ ரிங் உராய்ந்துதான் வேகத்தைச் சமன் செய்கிறது. ஜிஎல்-5-ல் அழுத்தம் தாங்கும் கந்தக-பாஸ்பரஸ் கலவை அதிகம். அது உராய்வைக் குறைப்பதோடு சில வகைகளில் பித்தளையையும் அரிக்கும்.

ஆயில் மாற்றும்போது ஒரு விதி: முதலில் ஊற்றும் போல்ட்டைக் கழற்றுங்கள், பிறகு வடிக்கும் போல்ட்டை. வடித்த பிறகு ஊற்றும் போல்ட் துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் கார் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். சிறிய கார்களுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் பிடிக்கும். கார் சமமாக நிற்க, ஊற்றும் துவாரத்தின் கீழ் விளிம்பு வழியாக வழியும் மட்டம்தான் அளவு. வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருப்பது இயல்பு. வடித்த ஆயிலில் தங்கத்தூள் மாதிரி மின்னினால் சின்க்ரோ ரிங். விரலில் குத்தும் இரும்புச் சில்லு வந்தால் பேரிங் அல்லது பல்.

எஞ்சின் உறுமுகிறது, கார் ஏறவில்லை

மேனுவலிலும் ஏஎம்டியிலும் இது கிளட்ச் வழுக்கல். காலியான சமதளச் சாலையில் நான்காவது கியரில் 40–50 கி.மீ. வேகத்தில் போய் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளினால் கிளட்ச் பிளேட் முடிந்தது. தேய்மானம் முதலில் பெரிய கியரில்தான் தெரியும். முதல் கியரில் நன்றாக இழுக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பிளேட் மாற்றும்போது பிரஷர் பிளேட்டும் (பிளேட்டை அழுத்திப் பிடிப்பது) ரிலீஸ் பேரிங்கும் (மிதிக்கும்போது அதை விடுவிப்பது) சேர்த்து செட்டாகப் போடுங்கள். பேரிங்கில் மிச்சம் பிடித்தால், அது போகும்போது அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும். கிராங்க் ஷாஃப்டின் பின்சீல் கசிந்து பிளேட்டில் ஆயில் படிந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

டார்க் கன்வெர்ட்டரில் கியர் மாறும் நொடியில் மட்டும் ஆர்பிஎம் எகிறினால் ஆயில் குறைவு அல்லது உள் கிளட்ச் தேய்வு. சிவிடியில் மிதித்தவுடன் ஆர்பிஎம் முன்னே ஓடி வேகம் பின்னால் வருவது அதன் சுபாவம், கோளாறு இல்லை. சீரான வேகத்தில், காலை அசைக்காமல் இருக்கும்போது முள் ஆடினால்தான் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். அப்போது ஓட்டுவதை நிறுத்துங்கள். வழுக்கும் பெல்ட் புல்லியின் முகத்தைக் கீறிவிடும். கீறிய புல்லியை எந்த ஆயிலும் சரிசெய்யாது.

சத்தம்: எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது

மேனுவலில் காதே போதும். நியூட்ரலில் கிளட்சை விட்டிருக்கும்போது உரசல் சத்தம், மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால் மட்டும் கீச்சென்று வந்தால் ரிலீஸ் பேரிங். வண்டி ஓடும் வேகத்தோடு கூடிக் குறைந்து, நியூட்ரலில் உருளவிட்டாலும் நிற்காவிட்டால், கியர்பாக்ஸுக்கு முன் வீல் பேரிங்கைச் சந்தேகியுங்கள்: ஓடும்போது ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் திருப்ப, ஒரு பக்கம் சத்தம் கூடி மறுபக்கம் குறைந்தால் அதேதான். முழுதாக ஒடித்துத் திருப்பும்போது டக்-டக் என்றால் டிரைவ் ஷாஃப்டின் சி.வி. ஜாயிண்ட், அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் போயிருக்கும்.

ஏஎம்டி: ஸ்டார்ட் ஆகவில்லை, டிஸ்ப்ளேயில் "என்" மின்னுகிறது

பேட்டரிக்கு அடுத்தது பிரேக் சுவிட்ச். பின்னால் ஒருவரை நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். விளக்கு எரியாவிட்டால் நீங்கள் மிதித்ததே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கியரும் போடாது, ஸ்டார்ட்டும் ஆகாது. ஃபியூஸ், பிறகு பெடலுக்கு மேலுள்ள சுவிட்ச். எந்த ஆட்டோமேட்டிக்கிலும் லீவர் "பி"யிலிருந்து நகராவிட்டாலும் இதே சோதனைதான். அவசரத்துக்கு லீவர் அருகே சிறு மூடிக்குக் கீழே ஒரு துளை பல கார்களில் உண்டு. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு அதில் சாவியையோ ஸ்க்ரூடிரைவரையோ அழுத்தினால் லீவர் விடுபடும்.

ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் உள்ள ஏஎம்டியில் கதவைத் திறந்ததும் "ஊஊம்" என்று சில வினாடி ஓடுவது பம்ப், அழுத்தம் ஏற்றுகிறது. கார் சும்மா நிற்கும்போதே அது அடிக்கடி ஓடி ஓடி நின்றால் அழுத்தம் தங்கவில்லை: அக்யூமுலேட்டர் (அழுத்தத்தைச் சேமிக்கும் பகுதி) சோர்ந்திருக்கிறது, அல்லது ஆயில் எங்கோ கசிகிறது. கவனிக்காமல் விட்டால் பம்ப் மோட்டாரும் போகும்.

கிளட்ச் பிளேட் மாற்றிய பின் கார் குலுங்கி எகிறினால், ஸ்கேனர் வழியே கிளட்ச் கற்பித்தல் செய்யப்படவில்லை. புது பிளேட் எங்கே பிடிக்கிறது என்று கம்ப்யூட்டர் மறுபடி அளந்துகொள்ள வேண்டும். இது இல்லாமல் வேலை முடிந்ததாகக் கணக்குப் போடாதீர்கள்.

ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடுவது வேறு சங்கதி. அது இந்த இயந்திரத்தின் பிறவிக் குணம். மாறும் தருணத்தில் ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் பாதி அடங்கும்.

"டி" போட்டால் தாமதம், அல்லது "டக்" என்ற அடி

டார்க் கன்வெர்ட்டர், சிவிடி இரண்டுக்கும். லீவரை நகர்த்தி இரண்டு வினாடிக்கு மேல் கழித்தே கார் பிடித்தால் முதல் சந்தேகம் ஆயில் மட்டம், பிறகு அடைந்த ஃபில்டர், பிறகு இறுகிப்போன சீல்.

அடி விழுந்தால் ஐடில் ஆர்பிஎம்மைப் பாருங்கள். சூடேறிய எஞ்சின் 700–850-க்குள் நிற்க வேண்டும். 1,100-ல் நின்றால் எந்தப் பெட்டியும் இடிக்கும், காரணம் அழுக்கேறிய த்ராட்டில் பாடியாக (எஞ்சினுக்குள் காற்று போகும் வாயில்) இருக்கலாம். அடுத்து மவுண்ட். பானட்டைத் திறந்து, நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள், காருக்கு முன்னால் வேண்டாம். உள்ளிருப்பவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு "டி", "ஆர்" என்று மாற்றட்டும். எஞ்சின் லேசாக அசைவது சரி; குதித்து எழுந்தால் மவுண்ட் ரப்பர் கிழிந்துவிட்டது.

மிதமான வேகத்தில் சல்லடை சலிப்பது போல நடுக்கம்

50 முதல் 80 கி.மீ. வேகத்தில், லேசாக மிதித்திருக்கும்போது, வேகத்தடைக் கோடுகள் மேல் ஓடுவது போல ஒரு நடுக்கம். டார்க் கன்வெர்ட்டரில் இது லாக்-அப் கிளட்சின் (சீரான ஓட்டத்தில் எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பிணைப்பது) அடையாளக் கையெழுத்து. நடுங்கும்போது ஆக்சிலரேட்டரை எடுக்காமல் இடது காலால் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் தட்டுங்கள். பிரேக் சிக்னல் வந்ததும் லாக்-அப் விடுபடும், ஆர்பிஎம் சற்று ஏறும். அந்தக் கணமே நடுக்கம் நின்றால் குற்றவாளி அதுதான். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் போங்கள். லாக்-அப் நடுக்கம் ஆரம்ப நிலையில் ஆயில் மாற்றுவதாலேயே பலமுறை போய்விடும். லாக்-அப் கோளாறைச் சொல்லும் பி0741 கோட் வந்துவிட்டால் சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு), வால்வ் பாடி, கன்வெர்ட்டர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.

ஆயிலின் நிறம் நிறையச் சொல்லும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பு, நல்லது. பழுப்பு, மாற்றும் காலம். கறுத்துத் தீய்ந்த வாடை, உள்ளே கிளட்ச் எரிந்திருக்கிறது. மாற்றினாலும் பெரிய பலன் இராது. ரோஸ்மில்க் நிறம் என்றால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் பிளந்து கூலண்ட் கலந்துவிட்டது. எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

வடிக்கும் போல்ட் வழியே முழு ஆயிலும் வராது. கணிசமான பங்கு கன்வெர்ட்டருக்குள்ளேயே நிற்கும். ஒருமுறைக்குப் பாதி வெளியேறுவதாகக் கொண்டால், வடித்து ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி செய்து, மூன்று முறையில் எட்டில் ஏழு பங்கு புதிதாகும். வெளியே வந்ததை அளந்து அதே அளவு ஊற்றுங்கள். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிகளில் எஞ்சின் ஓடும்போது, ஸ்கேனரில் ஆயில் வெப்பம் கார் புத்தகம் சொல்லும் எல்லைக்குள் (பலவற்றில் 40 டிகிரியை ஒட்டி) இருக்கையில் மட்டப் போல்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். சூடான பெட்டியில் பார்த்தால் ஆயில் விரிந்து மட்டம் பொய் சொல்லும்.

"லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று சொன்னால் யாருடைய லைஃப்டைம் என்று கேளுங்கள். நம்மூர் வெயிலுக்கும் நெரிசலுக்கும் டார்க் கன்வெர்ட்டரில் 60,000 கி.மீ., சிவிடியில் 40,000 கி.மீ. என்று வைத்துக்கொள்வது பெட்டிக்குச் செய்யும் உபகாரம். சிவிடியில் அந்தந்தக் கம்பெனி குறிப்பிட்ட ஆயில் மட்டுமே. ஹோண்டா எச்சிஎஃப்-2 கேட்டால் அதுவே. இரும்பும் இரும்பும் வழுக்காமல் பிடித்துக்கொள்வது அந்த ஆயிலின் தன்மையால்தான். சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் பெல்ட்டுக்குப் பிடிமானம் போய்விடும்.

மலையேறும்போது சிவிடி இழுவை குறைகிறது

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஆள் நிரம்பிய காரை ஓட்டும்போது ஆயில் சூடேறி, பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள எஞ்சின் விசையைக் குறைப்பது இது. ஓரமாக நிறுத்தி, "பி"யில் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டுப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். அணைத்தால் ஆயில் சுற்றாது. சமவெளியிலும் இப்படி ஆனால் கூலர் அடைப்பு அல்லது ஆயில் கோளாறு.

இரட்டைக் கிளட்ச்: பாதி கியர்கள் காணோம்

டிசிடியில் ஒற்றைப்படை கியர்கள் மட்டும், அல்லது இரட்டைப்படை மட்டும் வேலை செய்தால், துப்பு கையில் கிடைத்துவிட்டது: ஒரு கிளட்ச் அல்லது அதை இயக்கும் பகுதிதான். ஃபோக்ஸ்வாகனின் 7 வேக உலர் கிளட்ச் டிஎஸ்ஜியில் (டிகியூ200) 1, 3, 5, 7 ஒரு கிளட்சிலும், 2, 4, 6, ரிவர்ஸ் மற்றொன்றிலும் இருக்கும். ரிவர்ஸும் இரண்டாவதும் சேர்ந்து போனால் இரண்டாம் கிளட்ச் பக்கம் தேடுங்கள். பி17பிஎஃப் கோட் வந்து கார் நின்றுவிட்டால் மெக்கட்ரானிக்கில் (கம்ப்யூட்டரும் ஹைட்ராலிக்கும் சேர்ந்த பகுதி) அழுத்தம் தங்கவில்லை. அக்யூமுலேட்டர் பொருந்தும் அலுமினிய உறையில் விரிசல் விடுவது இந்தப் பெட்டியில் தெரிந்த பலவீனம். உறையைச் சரிசெய்து தருபவர்கள் இருக்கிறார்கள். முழு மெக்கட்ரானிக்கை மாற்றும் முன் விசாரியுங்கள். இந்தப் பெட்டியின் சின்தெடிக் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்ற 2013-ல் உலகெங்கும் ஏறத்தாழ 16 லட்சம் கார்களைக் கம்பெனியே திரும்ப அழைத்தது. சூடான, ஈரமான ஊர்களில் நெரிசலில் ஓடும்போது மின்கோளாறு வருவதே காரணம்.

புறப்படும்போது மட்டும் அதிர்ந்தால் உலர் கிளட்சின் முகம் சூட்டில் பளபளப்பேறியிருக்கும். முதலில் ஸ்கேனரில் அடாப்டேஷன் (கிளட்ச் பிடிக்கும் இடத்தை மறுபடி அளக்கச் செய்வது), பயனில்லாவிட்டால் கிளட்ச் செட். ஆயிலில் மூழ்கிய ஈரக் கிளட்ச் இந்தச் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட விடாது (6 வேக டிகியூ250-க்கு 60,000 கி.மீ.).

ஏஎம்டி, உலர் டிசிடி இரண்டையும் கொல்வது ஒரே பழக்கம்: மேம்பாலச் சரிவில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி காரை நிறுத்திப் பிடிப்பது. உள்ளே அது முழுநேர ஹாஃப் கிளட்ச். பிரேக்கிலோ ஹேண்ட் பிரேக்கிலோ நில்லுங்கள். நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊராமல், முன்னால் இடைவெளி விழுந்தபின் ஒரேயடியாக நகருங்கள்.

பழைய கார் வாங்குபவருக்கு

நீடிப்பு என்று பார்த்தால் ஹைபிரிட்டின் இ-சிவிடிக்கு முதலிடம். தேயும் கிளட்சே கிடையாது. ஆயில் மாற்றிய ரசீது இருந்தால் டார்க் கன்வெர்ட்டர் அடுத்தது. மேனுவல் பெட்டியும் நீடிக்கும், கிளட்ச் மட்டும் ஓட்டியவரின் காலைப் பொறுத்தது. ஏஎம்டி பழுதானாலும் பாதி வேலை மேனுவலுக்கு ஆகும் விலையிலேயே முடியும், ஆக்சுவேட்டர்தான் செலவு. சிவிடியை ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். உலர் டிசிடி நெரிசல் நகரத்தில் ஓடியதென்றால், கிளட்ச் செட்டின் விலையை பேரத்தில் கழித்துக்கொண்டே வாங்குங்கள்.

நின்றுவிட்ட ஆட்டோமேட்டிக்கை இழுத்துப்போக

முன்சக்கர டிரைவ் ஆட்டோமேட்டிக், சிவிடி கார்களை முன்சக்கரம் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்கக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது ஆயில் பம்ப் சுற்றாது. உருளும் சக்கரம் உள்ளிருக்கும் பேரிங்குகளை ஆயிலின்றி அரைத்துவிடும். ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றுங்கள், அல்லது முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தில் இழுக்கச் சொல்லுங்கள்; அப்போது ஹேண்ட் பிரேக் விடுபட்டிருக்கிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.